அம்மா பாதியாக உடைத்த மாத்திரைகள்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, கொரோனாவுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தபோது எனக்குள் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தவருக்கு ஊரடங்கு என்ன புதிதா? பதினைந்து வயதில், 1987 ஐப்பசியில், இந்திய இராணுவத்தோடு சண்டை மூண்டபோது நல்லூர்க் கோயில் வீதியில் நாட்கணக்கில் இருந்தவள் நான். மின்சாரம் இல்லாத ஐந்தாறு வருடம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, அம்மா, அப்பாவுடன் கொக்குவிலிலிருந்து தென்மராட்சிக்கு மழையில் நடந்தவள். கொழும்பில் இருந்து சிநேகிதி பயத்தோடு அழைத்தபோது, "இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்" என்று சிரித்தேன். அன்று யாராவது என்னை உட்காரவைத்து, "உன் பழக்கம் இருக்கட்டும், உன் அம்மாவுக்கு எது பழக்கம் என்று கேட்டாயா?" என்று கேட்டிருந்தால் பிறகு நடந்ததில் பாதி நடந்திருக்காது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அப்போது 79 வயது. தம்பி கனடாவில். அப்பா இறந்து பல வருடம். நான் 1997இல் வேலைக்காகக் கொழும்பு போய் 2012இல்தான் திரும்பி வந்தேன். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை நினைவில் வைக்காததுதான் இந்தக் கதை.

முதல் வாரம் நான் செய்தவை எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. பருப்பு கிலோ 65 ரூபா, மீன் டின் 100 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை அறிவித்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த விலைக்குப் பொருளே கண்ணில் படவில்லை. இடையில் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியபோது ஒரு கடையில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று, கேட்ட விலையைக் கொடுத்து, 11,400 ரூபாவுக்குச் சாமான் வாங்கினேன். அதில் எட்டு கிலோ கோதுமை மா. அம்மா மா சாப்பிடுவதில்லை, எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் நின்றவர் பத்து கிலோ வாங்கினார் என்பதற்காக வாங்கினேன். பாதி மா வண்டு பிடித்துப்போனது. உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், காய்ச்சல் மாத்திரை இந்த நான்கும் வீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் கடைக்குப் போனது என் முதல் பிழை. கிணறும் முருங்கையும் தென்னையும் இருக்கிற வளவில் பட்டினி அவ்வளவு சீக்கிரம் வராது. சமையல் எரிவாயு தீர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. அதை அம்மா யோசித்திருந்தார். நான் வரிசையில் நின்ற நேரத்தில் அவர் விழுந்த தென்னோலையையும் பன்னாடையையும் கொக்கரையையும் இழுத்துக் கோடிப்புறத்தில் அடுக்கிவைத்திருந்தார். "இந்த வயதில் எதற்கு இந்த வேலை?" என்று நான் சத்தம் போட்டேன்.

சத்தம் போட்டது அதோடு நிற்கவில்லை. அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையோடு தொடர்புடைய தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, யாழ்ப்பாணம் அபாய மாவட்டங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட பிறகு ஊரடங்கு இடைவிடாமல் நீண்டது. மற்ற மாவட்டங்களுக்குக் கிடைத்த தளர்வு எங்களுக்கு இல்லை. அந்த நாட்களில் அம்மா மாலை ஆறரைக்கே முன்பக்க விளக்கை அணைத்துவிடுவார். படலையில் யார் கூப்பிட்டாலும் திறக்கவிடமாட்டார். வீதியில் கனரக வாகனம் போகும் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நடுவறையில் சுவரோடு போய் உட்கார்ந்துகொள்வார். தனிமைப்படுத்தல் முகாம்களை இராணுவம் நடத்துகிறது, ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்த அன்று இரவு முழுவதும் அவர் படுக்கவில்லை. "அம்மா, இது கொரோனா வருத்தம். சண்டை இல்லை" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன். ஒரு தடவை, "உங்களுக்குப் பைத்தியமா?" என்றும் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு மாலை கிராம அலுவலர் இன்னும் இருவரோடு ஒழுங்கைக்கு வந்து வீடு வீடாகக் கிளினிக் நோயாளரின் விவரம் எடுத்திருக்கிறார். கிளினிக் மாத்திரைகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு நடந்த காலம் அது. எங்கள் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. கூப்பிட்டார்கள், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதே" என்றார். நானும் சலிப்பில் போகாமல் இருந்துவிட்டேன். அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லாமல்போனது இப்படித்தான். பிறகு கேட்டபோது, "மாத்திரை இருக்கிறது, நிறைய இருக்கிறது" என்றார் அம்மா. நான் நம்பினேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வயது போனவர்கள் மாத்திரை இருக்கிறது என்று சொன்னால் பெட்டியைத் திறந்து நீங்களே எண்ணுங்கள். எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். கிளினிக் புத்தகத்தின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

இதற்கிடையில் ஒழுங்கை தன்பாட்டில் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. ஒன்பது வீடுகள். மற்றக் காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது செத்த வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும்தான். ஊரடங்கு தொடங்கிப் பத்தாவது நாளளவில், மாலை ஐந்து மணிக்கு அவரவர் படலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தூரத்தில் இருந்தபடியே உரக்கக் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கோ தோட்டத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தால் கூறு போட்டு ஒன்பது வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டில் புழுக்கொடியல் இருந்தது, இன்னொரு வீட்டில் தயிர். என் எட்டு கிலோ மாவில் இரண்டு கிலோவைப் பாண் போடத் தெரிந்த ஒரு பிள்ளை வாங்கிப்போனாள். மாவுக்கு வந்த ஒரே மரியாதை அது.

கதை என்றால் எல்லாம் பழைய கதைதான். 2009இல் சண்டை முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் மூன்று பேர் ஒழுங்கையில் இருந்தார்கள், அவர்களுக்குப் பங்கர் என்றால் என்னவென்று சொல்லத் தொடங்கியதில் பெரியவர்களுக்கு வாய் திறந்தது. தென்னங்குற்றியைக் குறுக்கே அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, 'ட' வடிவில் வாசல் வைப்பது எதற்கு என்று ஒரு மாமா நிலத்தில் தடியால் கீறிக் காட்டினார். சவர்க்காரம் வராத நாட்களில் பனம்பழத்தால் துணி தோய்த்தது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பிள்ளைகள் நம்பவில்லை. சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பற்றரி ஒன்றை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்ட கதையை நான் சொன்னேன், எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சிரிப்பில் ஒரு பிழையும் நடந்தது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து எங்கள் ஒழுங்கையில் திருமணம் செய்து வந்த ஒரு தம்பி இருக்கிறார். தானும் கதிரை போட்டு உட்காருவார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் இடப்பெயர்வுக் கதை ஏறிக்கொண்டே போய், "எங்களைப்போலப் பட்டவர்கள் யார்?" என்று யாரோ கேட்க, அவர் கதிரையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் ஒரு வீட்டில் ஒழுங்கைக்கெல்லாம் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார்கள். அவர் வாங்கவில்லை. 2009இல் சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் கஞ்சி குடித்துக் கிடந்த சனத்தில் அவரும் ஒருவர் என்று மனைவி பிறகு மெல்லச் சொன்னாள். நாங்கள் 1995ஐ எல்லாரும் சேர்ந்து நடந்த திருவிழா மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கூட்டமாக இருந்து பழைய கதை பேசும்போது பேசாமல் இருப்பவரைக் கதைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அவருக்கு முன்னால் அளந்து பார்க்கவும் வேண்டாம். இதை நான் அந்தத் தம்பியைப் பார்த்துக் கற்றேன். அதே நேரத்தில் என் வீட்டுக்குள் பேசாமல் இருந்த ஒருவரை மட்டும் கவனிக்கவில்லை. அம்மா ஒரு நாளும் படலைக்கு வரவில்லை. வயது போய்விட்டது, கால் வலி என்று மற்றவர்களுக்குச் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 11, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அம்மா கிணற்றடியில் விழுந்தார். தலை சுற்றியது என்றார், பிறகு சொல் குழறியது. நெற்றியில் இரத்தம். நான் ஆடிப்போய்விட்டேன். பொலிஸ் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எப்படி வெளியே போவது என்பதுதான் மனதில் முதலில் வந்தது. அனுமதி வைத்திருந்த ஒரு வாகனக்காரரைப் பலரிடம் கேட்டுப் பிடித்து, அவர் வந்துசேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நாலு கிலோமீற்றருக்கு 6,500 ரூபா. இரண்டு இடத்தில் மறித்தார்கள், இரண்டு இடத்திலும் அம்மா என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதும் அதற்கு எந்த அனுமதிப் பத்திரமும் தேவையில்லை என்பதும் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தாதி சொல்லித்தான் நினைவுக்கு வந்தது. 2018இலேயே அந்தச் சேவை யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது, தொடக்க விழாச் செய்தியை நானே பார்த்திருந்தேன். 1990 என்றால் எங்கள் தலைமுறைக்கு அம்புலன்ஸ் நினைவு வருமா, சொல்லுங்கள். மறுபடி சண்டை தொடங்கிய ஆண்டு அது. அந்த இலக்கத்தைக் கேட்டாலே மனம் வேறெங்கோ போய்விடுகிறது. எதற்கும் இப்போது எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். இலங்கையில் இருப்பவர்கள் நீங்களும் ஒட்டுங்கள்.

இரத்த அழுத்தம் தலைக்கேறியிருந்தது. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?" என்று வைத்தியர் கேட்டார். "ஒரு நாளும் தவறியதில்லை" என்று அடித்துச் சொன்னேன். விடியப்புறம் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒரு பழைய பால்மாத் தகரம் இருந்தது. திறந்தால், உள்ளே பழைய கடுதாசியில் சுற்றி, பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். நிலத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 43. காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடச் சொல்லியிருந்தது. ஊரடங்கின் மறுநாள் தொடங்கி விழுந்த நாள்வரை 22 நாள். ஒவ்வொரு வேளையும் பாதியை விழுங்கிப் பாதியைச் சேர்த்திருக்கிறார். 44 இருக்க வேண்டும், ஒன்று எங்கே விழுந்ததோ. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு பிடிவாதமா என்று தகரத்தைத் தூக்கி எறியப் போனேன்.

அப்போது மதிலுக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டார். இந்த மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் தம்பி அனுப்பிய காசில் மூன்றரை இலட்சம் செலவழித்து நான்தான் கட்டினேன். முன்பு அங்கே கிளுவங்கதியால் வேலி, நடுவில் ஆள் நுழைந்து போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டை அடைக்காமல் சின்னப் படலை ஒன்று விடச் சொல்லி அம்மா மேசனிடம் இரண்டு தடவை சொன்னார். களவு பயம் என்று நான் மறுத்துவிட்டேன். இப்போது மாமி அந்தப் பக்கம் கதிரையில் ஏறி நிற்க, நான் இந்தப் பக்கம் உரலில் ஏறி நிற்கிறேன். தகரத்தைக் காட்டினேன். மாமி பார்த்துவிட்டு, "இப்போதும் உடைக்கிறாரா?" என்றார்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் நான் கொழும்பில் இருந்த காலம். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடியது. தரைவழியாக ஒன்றும் வராது, கப்பல் வந்தால்தான் சாமான். சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், அட்டையோடு விடியற்காலை தொடங்கி வரிசை. சீனி, பால்மா, மாத்திரை எல்லாம் கண்ணில் காணாத பொருள்கள். இரவில் ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள் வருவார்கள், படலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், திறந்த வீட்டில் மறுநாள் ஆள் இருக்காது. அம்மா தனியாக இருந்தார். ஆறரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாராம், விடிந்ததும் திரும்பி வருவாராம். மாமாவுக்கும் அதே இரத்த அழுத்த மாத்திரை. மாமாவுடையது முடிந்தபோது அம்மா தன்னுடையதைப் பாதியாக உடைத்து, கடுதாசியில் சுற்றி, பொட்டுக்குள்ளால் நீட்டியிருக்கிறார். எத்தனை மாதம் என்று மாமிக்கே கணக்கில்லை. அந்த நாட்களில் தொடர்பு கிடைக்கும்போதெல்லாம் நான் கொழும்பிலிருந்து அழைப்பேன். "எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ கவனமாக இரு" என்பார் அம்மா. நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த வருடங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த சண்டையை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சொல் திரும்பிய பிறகு கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தகரத்தை அங்கால் கொடுத்தாயா? அவருக்கு முடிந்திருக்கும்" என்பதுதான். மாமாவுக்கு அப்போது 82 வயது. அவருடைய மாத்திரைகள் அந்த வாரமே தபாலில் வந்து சேர்ந்துவிட்டன, அவர்கள்தான் விளக்கைப் போட்டுவைத்துப் பெயர் பதிந்தவர்கள் ஆயிற்றே. இதை அம்மாவிடம் சொன்னபோது, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாய் என்கிற மாதிரிப் பார்த்தார். கொடுப்பதற்கு வழியில்லாமல் மதில் இருந்ததால் சேர்த்துவைத்திருக்கிறார். என்னிடம் தந்து கொடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பைத்தியமா என்று கேட்டவளிடம் யார் தருவார்கள்?

சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 14ஆம் திகதி, வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இந்த முறையும் 1990க்கு அழைக்கவில்லை, கிராம அலுவலரே வாகனத்துக்கு ஒழுங்கு செய்து தந்தார். கேட்டால் செய்கிறார்கள், நான்தான் கேட்காமல் இருந்தேன். அன்று மாலை ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பலகாரம் சுளகில் வைத்து மதிலுக்கு மேலால் வந்தது. நான் அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மாலை ஆறரைக்கு நானே முன்விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 2006 ஆவணி மாதம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். சண்டையைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் வராது, சமையலைப் பற்றிக் கேட்டால் வருகிறது. முருங்கையிலை, ஒடியல் மா, தேங்காய் மட்டும் தாராளமாக இருந்தது என்று தொடங்கி, மூன்றாம் நாள் அளவில் படலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரவுக்கு வந்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

20ஆம் திகதிக்குப் பிறகு பகலில் ஊரடங்கு தளர்ந்தது. பயத்துக்கும் நித்திரையின்மைக்கும் சேர்த்து ஒரு மனநல வைத்தியரைப் பார்த்தோம். அதற்கு நான் தயங்கியதும் பிழைதான், எட்டு வருடத்துக்கு முன்பே போயிருக்கலாம். அம்மாவுக்குப் பயன்பட்டது மருந்தைவிட ஒரு வேலை கொடுத்தது என்று நினைக்கிறேன். வீட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்குக் கொப்பியை அவரிடமே கொடுத்துவிட்டேன். மாத்திரை எண்ணிக்கையும் அதில் ஒரு பக்கம், கீழே என் கையெழுத்து வேண்டும். மொத்தச் செலவையும் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: வண்டு பிடித்த சாமான், வாகனம், ஆஸ்பத்திரியில் நான் வாங்கிய பொருட்கள், வைத்தியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 34,000க்குக் கொஞ்சம் மேல்.

ஜூன் கடைசியில் மேசனைக் கூப்பிட்டு மதிலில் இரண்டரை அடி அகலத்துக்கு உடைக்கச் சொன்னேன். மேலே லிண்டல் போடாமல் விட்டால் வெடிக்கும் என்று அதற்கும் சேர்த்து 14,000 வாங்கினார். இரும்புக் கதவு போடுவோம் என்றேன், அம்மா தகரம் போதும் என்றார். முதல் நாள் காலையில் மாமா தடியை ஊன்றிக்கொண்டு அதற்குள்ளால் வந்தார், சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பைகளை எடுத்து, "இதோ பாருங்கள், எனக்கு இரண்டு மாதத்துக்கு இருக்கிறது" என்று நீட்டினார். அம்மா நம்பவில்லை. கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எண்ணினார்.